15 வருஷம் தாங்கும் என்ற மாட்டு வால்வு 11 வருஷத்தில் ஏன் கெட்டது?

கேட்டிருப்பது இது: "அம்மாவுக்கு 50 வயதில் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மாட்டு வால்வு வைத்தார்கள். 15 வருஷம் தாங்கும் என்றார்கள். 11 வருஷம்தான் ஆகிறது, போன வாரம் எக்கோ எடுத்துவிட்டு 'வால்வு தேய்ஞ்சிட்டுது, கிரேடியன்ட் 9' என்கிறார்கள். மட்டமான வால்வை வைத்துவிட்டார்களா? மெட்டல் வால்வு வைத்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காதே? இனி என்ன செய்வது?"

நான் இதய அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. ஆபரேஷன் நடக்கும்போது உணவுக்குழாய் வழியாக ஒரு எக்கோ குழாயை விட்டு வால்வைப் பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அதனால் கெட்டுப்போன வால்வைக் காலை ஒன்பது மணிக்குத் திரையில் பார்ப்பேன். பதினொரு மணிக்கு அதே வால்வு ஸ்டீல் தட்டில் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தட்டில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எடுத்த புது மாட்டு வால்வின் மூன்று இதழ்களும் வெளிறிய சந்தன நிறத்தில் நனைந்த துணி மாதிரி துவளும். சுண்டுவிரல் நுனியால் ஊதுவதுபோலத் தொட்டாலே விலகிக்கொடுக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வெளியே வருகிற வால்வு வேறு பொருள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த பழைய தோல்செருப்பு போல மஞ்சளாக, விறைப்பாக இருக்கும். இதழ்கள் வளையத்தோடு சேரும் மூலைகளில் முட்டை ஓட்டுத் துண்டுகளை ஒட்டவைத்தமாதிரி வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். இடுக்கியால் தட்டினால் 'டக்'கென்று கேட்கும். சிலதில் இதழ் விறைக்காமல் ஓரத்தில் கிழிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

ஆகவே 'தேய்ந்துவிட்டது' என்ற சொல், மாட்டு வால்வு மாதிரி விலங்குத் திசுவில் செய்த 'திசு வால்வு'க்கு அவ்வளவாகப் பொருந்தாது. செருப்பு அடி தேய்கிறமாதிரி எதுவும் உரசிக் குறைந்துபோவதில்லை. ஒன்று கல்லாகிறது, இல்லாவிட்டால் கிழிகிறது. உரசித் தேய்கிற, உடைகிற கதையெல்லாம் மெட்டல் வால்வுகளின் பழைய வரலாற்றில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாவின் வால்வு இதுவரை எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,03,680. பதினொரு வருஷத்துக்கு ஏறக்குறைய 41 கோடியே 60 லட்சம் தடவை திறந்து மூடியிருக்கிறது. புது மாடல் வால்வு சந்தைக்கு வருமுன் இயந்திரத்தில் மாட்டி வேகவேகமாகத் திறந்து மூடிச் சோதிப்பார்கள். சர்வதேசத் தர விதிப்படி மெட்டல் வால்வு 40 கோடி சுற்று தாங்க வேண்டும், திசு வால்வு 20 கோடி தாங்கினால் போதும். அதாவது சோதனைக்கூடம் கேட்டதைப்போல இரண்டு மடங்கு வேலையை அந்த வால்வு முடித்துவிட்டது. மட்டமான சரக்கு என்று திட்டுவதற்கு முன் இதை ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

தவிர, சோதனை இயந்திரத்தில் ஓடுவது ரத்தம் இல்லை, உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு திரவம். அதில் இதழ் எத்தனை மடிப்பைத் தாங்கும் என்று தெரியும், எப்போது சுண்ணாம்பு படியும் என்று தெரியாது. அதைச் செய்வது உடம்பு.

சுண்ணாம்பு ஏன் படிகிறது என்பதைச் சொல்ல, வால்வு எப்படிச் செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மாட்டு வால்வு என்கிறோமே, அது மாட்டின் வால்வு அல்ல. மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை வெட்டி, இதழாக்கி, ஒரு சட்டத்தில் தைத்தது. பன்றி வால்வுதான் நிஜமாகவே பன்றியின் வால்வு. (மாடா பன்றியா என்று கேட்டுவிட்டு இரண்டும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் ராத்திரி சொல்லாதீர்கள்.) பச்சைத் திசுவை அப்படியே வைத்தால் உடம்பு ஏற்காது, சீக்கிரம் சிதைந்தும் போகும். 1960-களின் கடைசியில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அலென் கார்பென்டியே இதற்குக் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தைக் கொண்டுவந்தார். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல, தோல் பதனிடவும் அது பயன்படுகிறது. இதய வால்விலும் அது செய்வது அதே வேலைதான். திசுவின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துப்போடுகிறது. நார் உறுதியாகிறது, அழுகாது, உடம்பும் பெரிதாக எதிர்க்காது. ஆக, பதனிட்ட மெல்லிய தோலைத்தான் இதயத்துக்குள் தைக்கிறோம்.

சிக்கலும் அங்கேதான் முளைக்கிறது. உயிருள்ள செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம், உள்ளே இருப்பதைப்போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. செல் உயிரோடு இருக்கும்வரை உள்ளே வருகிற கால்சியத்தை இறைத்து இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பதனிட்ட திசுவில் செல்லின் கூடு இருக்கிறது, இறைக்க ஆள் இல்லை. கால்சியம் உள்ளே வரும், செல்சுவரில் இருக்கும் பாஸ்பரஸோடு சேரும், பொடியாகப் படியும். முதல் பொடி விழுந்துவிட்டால் அதன்மேல் அடுத்தது தானாக வளரும். போர்வெல் தண்ணீரில் போட்ட ஹீட்டர் காயிலைப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கதைதான். இதழ் எந்த இடத்தில் அதிகம் மடங்கி இழுபடுகிறதோ, அந்த மூலைகளில்தான் முதலில் படியும். பதனிட்டபோது எதோடும் பிணையாமல் மிஞ்சிய ரசாயன முனைகளும் கால்சியத்தை இழுக்கும். புது ரக வால்வுகளில் அந்த முனைகளை மூடியும், செல்சுவரின் கொழுப்பைக் கழுவியும் அனுப்புகிறார்கள். பலன் இருக்கிறது. முழுசாக நிறுத்திவிட்டதாக யாரும் சொல்ல முடியாது.

பாலும் கேழ்வரகும் நிறுத்தட்டுமா என்று அடுத்துக் கேட்பார்கள். வேண்டாம். சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குறைத்து யாரும் வால்வைக் காப்பாற்றியதில்லை. வேகத்தைக் கூட்டுவது வேறு சில விஷயங்கள். முதலாவது வயது. இளம் உடம்பில் கால்சியம் சுறுசுறுப்பாக ஓடுகிறது, நோய் எதிர்ப்பும் சுறுசுறுப்பு. குழந்தைக்கு வைத்த திசு வால்வு சில வருஷங்களிலேயே கல்லாகும். அதே வால்வு 75 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் அவர் காலம் முழுக்க வரும். இரண்டாவது சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பது. மூன்றாவது, உடம்பின் அளவுக்குச் சின்ன வால்வாக அமைந்துவிடுவது. உங்கள் அம்மாவுக்கு இதில் பொருந்துவது வயதுதான். ஐம்பது என்பது மற்ற எல்லாவற்றுக்கும் நடுவயது, திசு வால்வுக்கு இளவயது.

அதோடு இடமும் முக்கியம். மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் வாசல். அது மூடியிருப்பது இடது கீழறை முழு மூச்சாகச் சுருங்கும் நேரத்தில். பிரஷர் பார்க்கும்போது மேல் எண் 120 என்கிறோமே, அதை இதழ்கள் முதுகில் தாங்க வேண்டும். கீழறையிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு மூடியிருப்பது இதயம் தளரும்போது, அது தாங்குவது கீழ் எண்ணான 80-க்குப் பக்கம். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு வால்வுகளில், பெரும்பாலும் மைட்ரலில் வைத்ததுதான் முதலில் கெடும். பிரான்சின் தூர் நகரில் ஒரே ரக மாட்டு வால்வு வைத்தவர்களை இருபது வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். அயோர்ட்டிக்கில் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 19.7 வருஷம், மைட்ரலில் 16.6 வருஷம் என்று வந்தது. இது எல்லா வயதும் சேர்த்த நடு எண். நடு எண் என்றால் பாதிப்பேருக்கு அதற்கு முன்பே கெட்டுவிடும் என்றும் அர்த்தம், வயது குறையக் குறைய எண்ணும் குறையும்.

ஆகையால் '15 வருஷம் தாங்கும்' என்று உங்களிடம் சொன்னது பொய் இல்லை, அரைகுறை. யாருக்கு, எந்த இடத்தில், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்பதை விட்டுவிட்டுச் சொன்னது. வார்டில் ஐந்து நிமிஷத்தில் பேசும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. வாஷிங் மெஷினுக்கு வாரண்டி சொல்வதுபோல ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம், வீட்டில் அந்த எண்ணைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொள்கிறார்கள்.

இந்த எண்களுக்குள் இன்னொரு பொடி மர்மமும் உண்டு. டென்மார்க், ஸ்வீடன் மருத்துவமனைகள் சேர்ந்து, நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியே வைக்கும் டாவி வால்வையும் அறுவைசிகிச்சை வால்வையும் 10 வருஷம் ஒப்பிட்டன. கடுமையாகக் கெட்டது டாவியில் 100-க்கு 1.5, அறுவையில் 100-க்கு 10. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் சேர்ந்தவர்களின் சராசரி வயது 79. பத்து வருஷ முடிவில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் உயிரோடு இல்லை. ஆள் போய்விட்டால் வால்வு கெட வாய்ப்பே இல்லை, கணக்கில் அது 'கெடாத வால்வு'. முதியவர்களின் எண்ணை எடுத்து ஐம்பது வயதுக்காரருக்குச் சொல்லும்போது இதுதான் நடக்கிறது.

மட்டமான தயாரிப்பு என்பது உலகத்தில் இல்லவே இல்லையா என்றால், இருந்திருக்கிறது. 1970-களில் வந்த அயோனெஸ்கு-ஷைலி மாட்டு வால்வில் இதழைச் சட்டத்தோடு இழுத்துப்பிடித்த தையல், மூடும்போதெல்லாம் இதழில் உரசி அதையே கிழித்தது. அண்மையில் டிரைஃபெக்டா என்ற மாடலில் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே கெடுவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023-இல் எச்சரித்தது, விற்பனையும் நின்றது. அதில் திசுவைச் சட்டத்துக்கு உள்ளே வைக்காமல் வெளியே சுற்றித் தைத்திருப்பார்கள். உங்கள் அம்மாவின் வால்வு என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஐம்பது வயதில், மைட்ரலில், 11 வருஷம் என்பதைப் பார்த்தால் தயாரிப்பைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இப்போது மெட்டல் வால்வு. 'வைத்திருந்தால் தேய்ந்திருக்காதே' என்கிறீர்கள். இன்றைய மெட்டல் வால்வைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த இடத்துக்கு வர நிறைய உயிர்கள் போயின.

1960-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற இன்ஜினியரும் சேர்ந்து மைட்ரல் இடத்தில் வைத்தது, கூண்டுக்குள் ஒரு பந்து. பந்து சிலிக்கோன் ரப்பர். சில வருஷத்தில் அந்த ரப்பர் ரத்தத்திலிருந்து கொழுப்பை உறிஞ்சி, மஞ்சளாகி, உப்பி, வெடிக்க ஆரம்பித்தது. உப்பிய பந்து கூண்டில் சிக்கும், சுருங்கிய பந்து வெளியே நழுவும். அந்தக் காலத்து டாக்டர்கள் ஸ்டெத்தை வைத்துப் பந்து தட்டும் ஓசை மங்குகிறதா என்றுதான் முதலில் கேட்பார்களாம். பிறகு ரப்பரைப் பதப்படுத்தும் முறையை மாற்றினார்கள், அந்தக் கோளாறு தீர்ந்தது. அப்படித் திருத்திய பந்து வால்வோடு முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய கதை பியோர்க்-ஷைலி வால்வு. ஒரு வளையம், நடுவில் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத்தட்டு, தட்டைப் பிடித்துக்கொள்ள முன்னும் பின்னும் இரண்டு வளைந்த கம்பிகள். ஆரம்ப மாடல் நன்றாகவே ஓடியது. இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் ரத்தம் தேங்காது, உறையாது என்று தட்டின் வடிவத்தை மாற்றி 1979-இல் புது மாடல் கொண்டுவந்தார்கள். அதில் உள்பக்கக் கம்பி வளையத்தோடு ஒரே வார்ப்பு. வெளிப்பக்கக் கம்பி தனியாகச் செய்து பற்றவைத்தது. தட்டு மூடும்போது கொஞ்சம் அதிகமாகவே சுழன்று அந்தக் கம்பியின் நுனியில் போய் இடித்தது. ஒவ்வொரு இடியும் அற்பம். நாளைக்கு ஒரு லட்சம் தடவை இடித்தால்? ஒரு கம்பியை விரலால் அப்படியும் இப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் எப்படிப் பட்டென்று விடுமோ, அப்படிப் பற்றவைத்த இடத்தில் விட்டது. கம்பியின் ஒரு கால் முதலில் விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டாவது காலும் போனதும் தட்டு கழன்று ரத்தத்தோடு ஓடிவிடும், வயிற்றுப் பெருந்தமனி வரைக்கும் போய்ச் சிக்கியிருக்கும். இதயத்தில் கதவு இல்லாத வாசல். உடைந்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் பிழைக்கவில்லை.

1986-இல் விற்பனையை நிறுத்தினார்கள். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. உடைந்தது 600-க்குச் சற்று மேல். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்த எண்தான் என்னை எப்போதும் தொந்தரவு செய்யும். மீதி 85,000 பேர் நெஞ்சுக்குள் உடையலாம், உடையாமலும் போகலாம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நன்றாக ஓடும் வால்வை எடுக்க நெஞ்சைத் திரும்பத் திறப்பதற்கும் உயிர் ஆபத்து உண்டு. பெரிய அளவு வால்வு, இளவயது, மைட்ரல், இன்னும் அகலமாகத் திறக்கும் ரகம் என்று ஆபத்தைத் தரம்பிரித்து, சிலருக்கு எடுத்தார்கள், பலருக்கு விட்டுவிட்டார்கள். விட்டவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் அந்த 'டிக்' சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாடம் நமக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் இந்திய வால்வு செய்ய இறங்கியபோது முதல் மூன்று மாதிரிகள் சோதனையிலேயே தோற்றன. பற்றவைத்த கூடு விட்டது, செயற்கை நீலக்கல்லில் செய்த தட்டுகூட முயன்று கைவிட்டார்கள். நான்காவதில் கூடு முழுவதையும் ஒரே கோபால்ட்-குரோமியம் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தார்கள், எங்கும் பற்றவைப்பே இல்லை. தட்டு உயர்ரக பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம், இடுப்பு மூட்டு மாற்றும்போது வைப்பதும் அதே இனம்தான். 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்று டிடிகே சித்ரா வால்வு என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. சத்தமும் குறைவு. மற்றபடி இப்போது பரவலாக வைக்கும் இரட்டை இதழ் வால்வு 1977-இல் மினியாபொலிஸில் தொடங்கியது. அதன் இதழ்களுக்குப் பயன்படும் பைரோலிட்டிக் கார்பன், அணு உலை எரிபொருள் துணுக்குகளுக்குப் பூச்சாக உருவான பொருள். பல பத்தாண்டு ஓடினாலும் அதன் தேய்மானம் ஒரு பொருட்டே அல்ல.

மெட்டல் வால்வு தேயாது. ஆனால் அதற்குரிய விலையை ரத்தம் கொடுக்கும். வாழ்நாள் முழுக்க, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது ஏசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற எண், மைட்ரல் என்றால் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டியாக உறைந்து இதழ் அசையாமல் நின்றுவிடும், கூடினால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும். புது ரக ரத்தம் உறையா மாத்திரைகள் மெட்டல் வால்வுக்கு ஆகாது, முயன்ற ஆய்வுகளைப் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கானவர்களைப் பார்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மைட்ரல் இடத்தில் 70 வயதுக்குக் கீழே மெட்டல் வால்வு வைத்தவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று வந்தது. அதைப் படித்துவிட்டு உங்கள் அம்மாவுக்கு வைத்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கலிபோர்னியாவில் ஐஎன்ஆர் பார்ப்பதும், ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு மறுநாள் ரிசல்ட்டுக்குத் திரும்ப வருவதும் ஒன்றல்ல. மாதக்கணக்கில் ஐஎன்ஆரே பார்க்காமல், வால்வு அடைத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் வந்த மெட்டல் வால்வுக்காரர்களுக்கு நடுராத்திரியில் மயக்க மருந்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு உங்கள் வீட்டு நிலையைப் பார்த்துத்தான் திசு வால்வு என்று முடிவெடுத்திருப்பார்கள்.

இனி அந்த '9'. கிரேடியன்ட் என்பது வால்வுக்கு முன்னும் பின்னும் இருக்கும் ரத்த அழுத்தத்தின் வித்தியாசம், வழி குறுகினால் அது ஏறும். மைட்ரல் திசு வால்வில் சராசரி கிரேடியன்ட் 5 வரை இயல்பு, 10-ஐத் தாண்டினால் கவலை, நடுவில் இருப்பது 'பார்க்க வேண்டியது'. ஆனால் மைட்ரல் கிரேடியன்ட் நாடித்துடிப்போடு ஆடும். ஒரு அம்மாள் லிப்ட் ரிப்பேர் என்று மூன்று மாடி ஏறி வந்து அப்படியே எக்கோ படுக்கையில் படுத்தார். துடிப்பு 104, கிரேடியன்ட் 9. அரை மணி உட்காரவைத்து மறுபடி எடுத்தபோது துடிப்பு 74, கிரேடியன்ட் 6. வால்வு அதேதான். ஆகவே ரிப்போர்ட்டில் 9-க்குப் பக்கத்தில் துடிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சலும் இந்த எண்ணைத் தூக்கும்.

அதைவிட முக்கியமானது, ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எடுத்த முதல் எக்கோ. அதில் 3 இருந்து இப்போது 9 என்றால் ஒரு கதை. அப்போதே 7 இருந்திருந்தால் வேறு கதை, வால்வு தொடக்கத்திலிருந்தே உடம்புக்குச் சின்னதாக அமைந்திருக்கிறது, புதிதாக எதுவும் கெடவில்லை. வால்வு கெடுவதை ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, இரண்டு எண்ணுக்கு நடுவில் இருக்கும் தூரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பலரும் அந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் தொலைத்துவிட்டு வருகிறார்கள், கல்யாணப் பத்திரிகைக் கட்டு பத்திரமாக இருக்கும்.

கிரேடியன்ட் நிஜமாகவே ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 'தேய்ந்தது' என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றை விலக்க வேண்டும். திசு வால்விலும் ரத்தம் உறையும். இதழின்மேல் மெல்லிசாகக் கட்டி படிந்தால் அது தடித்து, அசையாமல், திரையில் கெட்டுப்போன வால்வு மாதிரியே காட்டும். வித்தியாசம், இதில் சில மாதம் வார்ஃபரின் கொடுத்தால் பலருக்குக் கிரேடியன்ட் இறங்கிவிடும். சுண்ணாம்பு எந்த மாத்திரைக்கும் கரையாது. கிரேடியன்ட் வருஷக்கணக்கில் மெல்ல ஏறாமல் சில மாதத்தில் தாவியிருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும். உணவுக்குழாய் எக்கோ, தேவைப்பட்டால் சிடி, இரண்டும் பெரும்பாலும் இதைப் பிரித்துக்காட்டும். உங்கள் டாக்டரிடம் "ரத்தக்கட்டி இருக்கலாமா, அதைப் பார்த்தாச்சா?" என்று நேராகக் கேளுங்கள். கோபப்படமாட்டார், பட்டாலும் பரவாயில்லை.

கிருமித் தொற்று இன்னொன்று. வால்வு வைத்தவருக்குக் காரணம் தெரியாமல் நாலு நாள் காய்ச்சல் அடித்தால், மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் ரத்தக் கல்ச்சர், பிறகுதான் மருந்து. இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், எதை எதிர்த்து மருத்துவம் செய்கிறோம் என்றே தெரியாமல் போகும்.

எல்லாம் பார்த்து, சுண்ணாம்புதான், வால்வுதான் என்று உறுதியானாலும் நாளைக்கே ஆபரேஷன் என்று இல்லை. அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை, நுரையீரல் பக்கத்துப் பிரஷர் ஏறவில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு எக்கோ போதும். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது, வழக்கமாக ஏறும் படியில் நடுவில் நிற்கிறாரா, தலைக்கு இரண்டாவது தலையணை கேட்கிறாரா, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறதா என்பது. கடைசியாகச் சொன்னது ரத்த அணுக்கள் இடுக்கில் அடிபட்டு உடைவதன் அடையாளம். இதழ் கிழிந்தால் மட்டும் நிதானத்துக்கு இடமில்லை. ஒரே நாளில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிடுவார், அன்றைக்கே அவசரமாகப் போக வேண்டும்.

மாற்றும் நேரம் வந்தால் இரண்டு வழி. மறுபடி நெஞ்சைத் திறப்பது முதல் வழி. முதல் ஆபரேஷனில் ஒட்டிக்கொண்டதையெல்லாம் பிரிக்க வேண்டும், அதனால் கடினம்தான், ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் இருக்கும், மற்றபடி திடமான ஒருவருக்குச் செய்யக்கூடியதே. அப்போது திசுவா மெட்டலா என்ற கேள்வி திரும்ப வரும். இரண்டாவது வழி, பழைய வால்வுக்குள்ளேயே புது வால்வு. 2002-இல் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதல் மனிதருக்குக் குழாய் வழியே வால்வு வைத்ததிலிருந்து வளர்ந்த வித்தை இது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய், இதயத்தின் நடுச்சுவரில் சின்ன ஓட்டை போட்டு, கல்லான பழைய வால்வின் வளையத்துக்குள் புதியதை விரிப்பார்கள். பழைய சட்டமே புதியதற்கு நிலைவாசல். நம் நாட்டிலும் செய்கிறார்கள், குஜராத்தில் தயாராகும் வால்வும் இருக்கிறது, செலவு பல லட்சம். எல்லோருக்கும் ஆகாது. பழைய வளையம் சின்னதென்றால் உள்ளே இன்னொன்று போனதும் வழி இன்னும் குறுகும். புது வால்வு நீட்டிக்கொண்டு அயோர்ட்டிக் பக்கத்துப் பாதையை அடைக்கும் ஆபத்தும் மைட்ரலில் உண்டு, அதை முன்கூட்டியே சிடியில் அளந்து பார்த்துத்தான் இறங்குவார்கள்.

அந்த அளவுக்கு முதலில் தேவை உங்கள் அம்மாவின் வால்வு எந்த ரகம், எந்த நம்பர் என்பது. '27' என்று எழுதியிருந்தால் அது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே 27 அல்ல, உள்விட்டம் மாடலுக்கு மாடல் மாறும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பர்ஸில் வைக்கிற அளவில் ஒரு கார்டு கொடுத்திருப்பார்கள். காணோம் என்றால், ஆபரேஷன் செய்த இடத்தின் ரெக்கார்டு பிரிவில் அம்மாவின் ஐபி நம்பரைக் கொடுத்து ஆபரேஷன் நோட்ஸ் கேளுங்கள். வால்வுப் பெட்டியிலிருந்து உரித்த பார்கோடு ஸ்டிக்கரை அந்தத் தாளில் ஒட்டியிருப்போம், மாடல், அளவு, சீரியல் நம்பர் மூன்றும் அதில் இருக்கும். பழைய ஃபைல்களை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் இந்த வாரமே போய்விடுங்கள். போகும்போது அந்த முதல் எக்கோவையும் சேர்த்துக் கேளுங்கள்.